பின்பனிக் காலத்து மலையோடைகளும் டிரவுட் மீனும்



டோம்பிவிலியில் வாழும் நம்மவர்க்குப் பங்குனி என்பது பள்ளித் தேர்வுகளின் மாதம். ஹோலி கழிந்து குடிபாட்வா நெருங்கும் மாதம். மூன்று மாதங்களாக ஓய்ந்திருந்த மின்விசிறி மீண்டும் முழு வேகத்தில் சுழலத் தொடங்கும் மாதம். தேர்வு முடிந்ததும் பிள்ளைகளுடன் குளிர்ந்த ஓர் இடத்திற்குச் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் அப்போதுதான் எழும். சிலர் ஊருக்குப் போகும் வழியில் உதகமண்டலத்தில் இரண்டு நாள் தங்குவர். சிலர் கல்யாணில் பஞ்சாப் மெயில் ஏறி, டில்லி சென்று, அங்கிருந்து குலு, மணாலி என்று இமயத்தின் பக்கம் போவர். ஒன்று தெற்கே, ஒன்று வடக்கே. ஆயினும் இவ்விரு மலைநாடுகளின் ஓடைகளிலும் ஒரே இனத்து மீன் வாழ்கிறது. அதன் பெயர் டிரவுட். அந்த மீனைப் பற்றியும், ஆண்டின் இந்தப் பருவத்தில் அது வாழும் நீரின் இயல்பைப் பற்றியும் இன்று சிறிது காண்போம்.

எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த அன்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் மார்ச் மாத நடுவில் குடும்பத்துடன் குலுப் பள்ளத்தாக்கிற்குச் சென்றிருந்தார். அவர் தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். விடியற்காலையில் மீன் நன்றாக இரை எடுக்கும் என்பது அவர் இளமையில் கற்ற பாடம். எனவே உரிமச் சீட்டு ஒன்று பெற்று, தூண்டிற்கோலை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கே ஒரு கிளையோடையின் கரையில் நின்றுவிட்டார். விரல்கள் மரத்துப்போயினவே அன்றி, ஒன்பது மணிவரை ஒரு மீனும் தூண்டிலைத் தொடவில்லை. மனம் சலித்து அவர் அமர்ந்திருந்த வேளையில், பதினொரு மணி அளவில், உள்ளூர் முதியவர் ஒருவர் நிதானமாக வந்தார். ஒரு மணி நேரத்திற்குள் மூன்று மீன்களைப் பிடித்தார். பிற்பகல் மூன்று மணிக்கு நம் அன்பர் மீண்டும் முயன்றபோது நீர் கலங்கத் தொடங்கியிருந்தது. அப்போது அவருடைய மகன், கற்களின் மேல் தாண்டிச் சென்று, ஓடையின் நடுவிலிருந்த பாறையொன்றில் அமர்ந்திருந்தான். முதியவர் அவனை உரத்த குரலில் கூவிக் கரைக்கு அழைத்தார். பையன் திரும்பி வந்த அரைமணி நேரத்தில், அவன் மிதித்துச் சென்ற கற்கள் யாவும் நீருக்குள் மறைந்துவிட்டன. அன்று வானில் மேகமும் இல்லை, மழையும் இல்லை.

காலையில் மீன் ஏன் இரை எடுக்கவில்லை? நண்பகலில் ஏன் எடுத்தது? மழையில்லாத நாளில் ஓடை எவ்வாறு உயர்ந்தது? இம்மூன்று வினாக்களுக்கும் அடிப்படையான விடை ஒன்றே. அது நீரின் வெப்பநிலை.

குளிரை நாடும் மீன்

டிரவுட் என்பது சால்மன் குடும்பத்து மீன். பம்பாய் மீன் சந்தையில் 'ராவஸ்' என்று விற்கப்படும் மீனை இந்தியச் சால்மன் என்று சொல்வதுண்டு. நம் கடற்கரையில் அதற்குக் காலா என்று பெயர். உண்மையில் அதற்கும் சால்மனுக்கும் உறவில்லை. டிரவுட்டுக்கோ அந்த உறவு உண்டு. நம் நாட்டு ஓடைகளில் இரண்டு வகை டிரவுட் வாழ்கின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்தது பழுப்பு டிரவுட். அதன் உடலில் கரும்புள்ளிகளும் செம்புள்ளிகளும் காணப்படும். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து வந்தது வானவில் டிரவுட். அதன் பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று ஓடும்.

மீன்களின் உடல் வெப்பம் அவை வாழும் நீரின் வெப்பத்தை ஒட்டியே ஏறி இறங்கும். நீர் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது டிரவுட்டின் செரிமானம் மிக மெதுவாக நடக்கும். அப்போது அது மடுவின் அடியில் அசையாமல் கிடக்கும், இரையைத் துரத்தாது. 10 முதல் 16 டிகிரிவரை அதற்கு மிக உகந்த நிலை. 20 டிகிரியைத் தாண்டினால் துன்புறும். 25 டிகிரியை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து.

வெப்பம் மிகும்போது இன்னொரு தொல்லையும் சேர்கிறது. நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியைக் கொண்டே மீன் மூச்சுவிடுகிறது. கடல்மட்டத்தில், 10 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 20 டிகிரியில் அது சுமார் 9 மில்லிகிராமாகக் குறையும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். நீர் சூடேறச் சூடேற மீனுக்கு உயிர்வளி அதிகம் தேவைப்படுகிறது. நீரோ குறைவாகவே தருகிறது. வரவு குறைந்து செலவு ஏறும் குடும்பத்தின் நிலைதான் அந்த மீனின் நிலையும். நம் டோம்பிவிலிக்கு அருகே ஓடும் உல்லாஸ் ஆறும் மலையில் பிறந்ததே. எனினும் அதில் டிரவுட் வாழ முடியாததற்குக் காரணம் இதுவே.

இங்கு வந்த வரலாறு

டிரவுட் நம் நாட்டு மீன் அன்று, ஆங்கிலேயர் கொண்டுவந்தது. இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர். அவர் 1863-இல் இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், அம்முயற்சி கைகூடவில்லை. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல்தான் என்பதை நினைத்தால், அப்பயணத்தின் அருமை விளங்கும். அடுத்த ஆண்டாகிய 1864-இல் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவுக்கு, பாசியில் பொதிந்து பனிக்கட்டியில் வைத்த முட்டைகள் கப்பலில் சென்று உயிருடன் பொரித்தன. குளிரில் முட்டை மெதுவாக முதிரும். ஆகவே பயணம் முடியும்வரை அதைக் குளிரால் உறங்க வைக்கலாம் என்பதே அங்குக் கண்ட உபாயம்.

இலங்கையின் நுவரெலியா மலைகளில் 1880-களில் டிரவுட் விடப்பட்டது. காஷ்மீரத்தில், ஸ்ரீநகரில் கம்பளத் தொழில் நடத்திவந்த பிராங்க் மிட்செல் என்பவரின் முயற்சியால் அது வேரூன்றியது. 1899-இல் வந்த முதல் தொகுதி முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. அக்காஷ்மீர மீனின் வழித்தோன்றல்கள் 1909-இல் குலுப் பள்ளத்தாக்கிற்குச் சென்று பியாஸ் ஆற்றின் கிளைகளில் பெருகின.

நீலகிரியில் பல தோல்விகளுக்குப் பின், சென்னை மாகாண அரசின் மீன்வளர்ப்பு நிபுணராக இருந்த எச். சி. வில்சன் வெற்றி கண்டார். அவலாஞ்சியில் 1907-இல் மீன்பொரிப்பகம் அமைந்தது. கடல்மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கு மேலான அம்மலைகளில் பழுப்பு டிரவுட் நிலைக்கவில்லை. வானவில் டிரவுட்டோ தானே இனம் பெருக்கி நிலைத்துவிட்டது. நிலநடுக்கோட்டிலிருந்து பன்னிரண்டு பாகைகூட விலகாத ஓர் இடத்தில், குளிர்நாட்டு மீன் ஒன்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறது என்பது வியப்புக்குரிய செய்தியே.

ஒரே மாதம், இரு வேறு நீர்

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆங்கிலேயர் வசந்தத்தின் தொடக்கம் என்று கூறும் மார்ச் மாதத்தை நாம் இன்னும் பனிக்காலத்தோடுதான் சேர்க்கிறோம். மலையோடையைப் பொறுத்தவரை நம் கணக்கே பொருத்தமானது. கரையில் மலர்கள் பூத்திருக்கலாம். நீருக்குள் இன்னும் பனிக்காலம் முடிந்திராது.

ஆனால், அதே பின்பனியில் வடக்கு ஓடையும் தெற்கு ஓடையும் ஒன்றுக்கொன்று நேர்மாறாக இருக்கும். இதை அறியாதவர் ஓரிடத்தில் கற்றதை மற்றோரிடத்தில் செய்து ஏமாறுவர்.

இமயத்தின் ஓடைக்கு உணவளிப்பது உறைபனி. மார்ச் மாதத் தொடக்கத்தில் உயரத்துப் பனி இறுகிக் கிடக்கும்; ஆகவே ஓடையில் நீர் குறைவாகவும் தெளிவாகவும் மிகக் குளிர்ந்தும் ஓடும். வெயில் ஏற ஏறக் கீழ்ச்சரிவுகளின் பனி உருகத் தொடங்கும். ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும் உருகல் மிகுந்து, ஆறு பெருகும். ஜூன், ஜூலையில் வண்டலால் சாம்பல் நிறம் கொண்டு, தூண்டிலுக்குப் பயனற்றதாகிவிடும். எனவே, உருகல் மிகுவதற்கு முந்திய சில வாரங்களே தூண்டிற்காரர்க்கு வாய்த்த காலம். அதன் பின் மழைக்காலம் கழிந்து செப்டம்பர், அக்டோபரில்தான் மீண்டும் அந்த வாய்ப்பு வரும். ஹிமாசலப் பிரதேசத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி முடிவுவரை டிரவுட் பிடிப்பதற்குத் தடை உண்டு. மார்ச்சு முதல் நாளன்று தடை நீங்குகிறது.

நீலகிரியில் உறைபனி மூடுவதில்லை. இரவில் புல்வெளியின் மேல் வெண்பனி படிவதோடு சரி. அங்கு ஓடைக்கு உணவளிப்பது சோலையும் புல்வெளியும். தென்மேற்குப் பருவத்திலும் ஐப்பசி மழையிலும் பெய்த நீரைச் சோலைக் காட்டின் மண்ணும், பள்ளங்களில் உள்ள சதுப்பும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையற்ற மாதங்களில் சிறிது சிறிதாக விடுகின்றன. மாசி, பங்குனியில் அந்தச் சேமிப்பு குறைந்துகொண்டே வரும். ஓடை சுருங்கும், கண்ணாடிபோல் தெளியும், பகலில் விரைவாகச் சூடேறும். வடக்கே நீர் ஏறும் காலம், தெற்கே நீர் இறங்கும் காலமாகிறது. வடக்கே மீனுக்குத் தொல்லை குளிர், தெற்கே வெயில். ஓடையின் மேல் சோலை மரங்களின் நிழல் இல்லையேல் அங்கு டிரவுட் கோடையைக் கடப்பது அரிது.

ஓடையின் ஒரு நாள்

இப்போது நம் அன்பரின் முதல் இரு வினாக்களுக்கு விடை கூறலாம். மார்ச் மாதத்து இமய ஓடையில் விடியற்காலை நீர் மூன்று நான்கு டிகிரிக்கு இறங்கியிருக்கக்கூடும். அப்போது மீன் உறக்கத்திற்கு நிகரான ஓய்வில் இருக்கும். வெயில் பள்ளத்தாக்கின் அடிவரை விழுவதற்கே ஒன்பது, பத்து மணி ஆகும். கற்கள் சூடேறி, நீர் ஏழு எட்டு டிகிரியைத் தொடும்போது, நீரடிப் பூச்சிகள் அசையத் தொடங்கும். அவற்றை உண்ண மீனும் அசையும். பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரை அந்த நாளின் நல்ல வேளை. அந்த முதியவர் சோம்பலினால் தாமதித்து வரவில்லை, கணக்கறிந்தே வந்தார்.

நீலகிரியில் இக்கணக்கு தலைகீழாகும். அங்குக் குளிர்ந்த அதிகாலையும் வெயில் சாய்ந்த மாலையுமே மீன் இரை தேடும் வேளைகள். நண்பகலில் அது நிழலிலும் மடுவின் ஆழத்திலும் ஒதுங்கிவிடும். தாமிரபரணிக் கரையில் கற்ற பாடம் நீலகிரிக்குப் பொருந்தும், குலுவுக்குப் பொருந்தாது.

மீன் நிற்கும் இடத்தையும் குளிரே முடிவு செய்கிறது. குளிர்ந்த நீரில் அது விசையை எதிர்த்து நீந்தி ஆற்றலை வீணாக்காது. பெரும்பாறையின் பின்புறம், வளைவின் உட்கரை, வேக நீரும் மெது நீரும் ஒன்றையொன்று உரசும் விளிம்பு ஆகிய இடங்களில் நிற்கும். உடல் மெது நீரில் இருக்கும்; அருகிலுள்ள வேக நீர் இரையைச் சுமந்து வரும். எப்போதும் நீர் வரும் திசையை நோக்கியே அது நிற்பதால், அதன் பின்புறமாக, அதாவது கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி நாம் நெருங்க வேண்டும். நீருக்குள் இருக்கும் கண்ணுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஏறக்குறைய 97 பாகை அளவுள்ள ஒரு வட்டச் சாளரத்தின் வழியாகவே தெரியும். அச்சாளரத்தின் ஓரத்தில் தாழ்ந்து நிற்பவர் கண்ணுக்குப் படுவது குறைவு. தெளிந்த நீலகிரி ஓடையில் குனிந்து நடப்பதும், நிழல் நீரில் விழாமல் காப்பதும் இதனாலேயே.

பூச்சியும் பொய்ப்பூச்சியும்

ஓடையில் உள்ள ஒரு கல்லை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அதன் அடியில் தட்டையான சிறு பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வாலிழை மூன்று உள்ளது பெரும்பாலும் ஈசலைப்போல் ஓரிரு நாளே சிறகுடன் வாழும் பூச்சியினத்தின் இளமைப் பருவம். வாலிழை இரண்டும், கால் நகம் இரண்டும் உடையது கல்லடிப் பூச்சி. மணலையும் குச்சியையும் தன் எச்சில் நூலால் பிணைத்துச் சிறு குழல்வீடு கட்டி அதற்குள் வாழும் புழு மூன்றாவது வகை. இவை பல மாதங்கள் நீருக்கடியில் வளர்ந்து, பின்பனி முடியும் வேளையில் முழு வளர்ச்சி அடைந்து, வெதுவெதுப்பான நண்பகலில் நீரின் மேற்பரப்புக்கு வந்து சிறகு விரிக்கின்றன. ஈசல் மழைக்குப் பின் புறப்படுவதுபோல, இவை வெயிலுக்குப் பின் புறப்படுகின்றன. இவையே டிரவுட்டின் முதன்மையான உணவு.

இப்பூச்சிகளைப்போல், தூண்டில் முள்ளின் மேல் இறகையும் நூலையும் உரோமத்தையும் சுற்றிச் செய்யும் பொய்ப்பூச்சியைக் கொண்டு மீன் பிடிப்பதே இவ்விளையாட்டின் தனித்தன்மை. நாம் அறிந்த தூண்டிலில் ஈயக் குண்டின் கனத்தால் நரம்பு தொலைவு செல்கிறது. பொய்ப்பூச்சிக்கோ கனமே இல்லை. ஆகவே இங்கு நூலே கனமாகச் செய்யப்பட்டிருக்கும். கோலைப் பின்னும் முன்னும் வீசினால் அந்தக் கனத்த நூல் சாட்டையைப்போல் காற்றில் நீண்டு விரிந்து, நுனியிலுள்ள மெல்லிய நைலான் நரம்பையும் பூச்சியையும் நீரின் மேல் மெல்ல இறக்கும். இதற்கு வேண்டுவது தோள்வலிமை அன்று, நேரம் தவறாமை. பின்னே வீசிய நூல் முழுதும் நீளும்வரை ஒரு கணம் பொறுத்தே முன்னே வீச வேண்டும்.

பின்பனிக் காலத்தில் மேற்பரப்பில் மிதக்கும் பூச்சியைவிட, அடியில் உருண்டு செல்லும் பூச்சியே பலிக்கும். எனவே செம்புக் கம்பியோ சிறு உலோக மணியோ சேர்த்துக் கட்டிய பொய்ப்பூச்சியை மேல்நீரில் விட்டு, ஓட்டத்தின் போக்கிலேயே அடித்தளத்தை ஒட்டி இறங்கவிட வேண்டும். நூல் பூச்சியை இழுக்கலாகாது. உண்மையான பூச்சி நீரை எதிர்த்து ஓடுவதில்லை. நண்பகலில் நீர்மேல் வட்டங்கள் எழக் கண்டால் அப்போது மிதக்கும் பூச்சிக்கு மாறலாம். நீலகிரியின் தெளிநீரில் நரம்பு மெல்லியதாகவும் நீளமாகவும், பூச்சி சிறியதாகவும் இருத்தல் நலம்.

இவ்விடத்தில் நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தி உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில், மெழுகு பூசியதுபோல் ஒளிரும் வெண்பொட்டுகள் உண்டு. பொய்ப்பூச்சி செய்வோர் அதற்குப் பெருமதிப்புத் தந்தமையால், முற்காலத்தில் அவ்விறகுகள் இங்கிலாந்திற்கு ஏற்றுமதியாயின. இன்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் அப்பறவை உள்ளது. எவரேனும் அவ்விறகை விற்க முன்வந்தால் வாங்காமல் இருப்பதே முறை.

சரளைக்குள் உறங்கும் குஞ்சுகள்

பெண் டிரவுட், ஓடையின் சரளைக் கற்களை வாலால் விலக்கிக் குழி செய்து, அதில் முட்டையிட்டு மீண்டும் கற்களால் மூடும். இமயத்தில் பழுப்பு டிரவுட் குளிர்காலத் தொடக்கத்திலும், வானவில் டிரவுட் குளிர்காலத்தின் பிற்பகுதியிலும் முட்டையிடுகின்றன. முட்டை பொரிக்கும் காலத்திற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. வானவில் டிரவுட்டின் முட்டை கிடக்கும் நீரின் அன்றாடச் சராசரி வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால், கூட்டுத்தொகை ஏறக்குறைய 300-ஐ எட்டும்போது குஞ்சு வெளிவரும். நீர் 10 டிகிரி எனில் ஒரு மாதம். 5 டிகிரி எனில் இரண்டு மாதங்களுக்கு மேல். வெளிவந்த பின்னும், வயிற்றில் ஒட்டியுள்ள மஞ்சட்கருப் பையை உண்டு தீர்க்கும்வரை, குஞ்சு சில வாரங்கள் சரளைக்குள்ளேயே மறைந்திருக்கும்.

ஆகவே மார்ச் மாதத்தில் ஓடைக்குள் இறங்கும் ஒருவர், கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான உயிர்களின் மேல் கால் வைக்கக்கூடும். மற்ற இடங்களைவிட வெளிறிக் கழுவினாற்போல் தெரியும் சரளைத் திட்டே முட்டைக் குழியின் அடையாளம். அதைக் கண்டால் சுற்றிச் செல்லுங்கள். கூடுமானவரை கரையிலிருந்தே வீசுங்கள். தடைக்காலம் என்பது அதிகாரிகளின் பிடிவாதம் அன்று. இந்தக் கணக்கிலிருந்து பிறந்த ஏற்பாடு. உரிமச் சீட்டு வாங்கும்போதே, எந்தப் பகுதியில் பிடிக்கலாம், எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், எவ்வளவு நீளத்திற்குக் குறைந்ததைத் திருப்பி விட வேண்டும் என்பவற்றையும் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

மீன் உண்ணும் வழக்கமில்லாத குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்களுக்கும் இவ்வோடையில் காணத் தக்கவை நிறைய உள்ளன. கல்லைப் புரட்டிப் பூச்சிகளைப் பார்த்து, பின் கல்லை வைத்த இடத்திலேயே வைப்பது பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் தராத கல்வி.

நீர் உயரும் வேளை

இனி மூன்றாவது வினா. இது மற்ற இரண்டினும் முதன்மையானது. ஏனெனில் முதல் இரண்டில் இழப்பது மீன். இதில் இழப்பது உயிராக இருக்கலாம்.

நண்பகல் வெயிலில் உருகிய பனிநீர் சரிவுகளில் இறங்கி ஓடையைச் சேர நேரம் பிடிக்கும். பனிக்கு அருகிலுள்ள ஓடை பிற்பகல் மூன்று நான்கு மணிக்கே உயரும். கீழேயுள்ள ஆற்றில் மாலையிலோ இரவிலோ உயரும். வானம் எவ்வளவு தெளிந்திருக்கிறதோ, அவ்வளவு மிகுதியாகப் பனி உருகும். அன்று மேகமில்லாமையே ஓடை உயர்ந்ததற்குக் காரணம். சமவெளியில் பிறந்த நாம் தெளிந்த வானத்தைக் கண்டு அஞ்சுவதில்லை. மலையில் அதையும் ஓர் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

அணை உள்ள ஆற்றில் மற்றோர் ஆபத்து உண்டு. டோம்பிவிலி மக்களுக்கு இது புரிவது எளிது. நம் உல்லாஸ் ஆற்றில் கோடையிலும் நீர் ஓடுவதற்கு, 1922-இல் இயங்கத் தொடங்கிய பிவ்புரி மின்நிலையம் வெளிவிடும் நீர் பெருந்துணை. மின்னாக்கம் எப்போது தேவையோ, அப்போது நீர் வரும். மலையாறுகளில் அந்த வரவு திடீரென்று நிகழும். 2014-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் மாலை, ஐதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தனர். மேலே லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அவர்களைச் சூழ்ந்தது. மாணவர் 24 பேரும் உடன் வந்த வழிகாட்டி ஒருவரும் உயிரிழந்தனர். அவர்களும் நம் பிள்ளைகளைப்போல் விடுமுறைக்குச் சென்றவர்களே. நீலகிரியிலும் அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி, பைக்காரா என்று அணைகள் பல உள்ளன.

ஆதலால் சில விதிகளை மனத்தில் கொள்ளுங்கள். நடு ஆற்றுப் பாறையில் எவரும் அமரலாகாது, படமெடுப்பதற்கும் வேண்டா. கரைக்கு வந்ததும் நீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள்; கால்மணி நேரத்திற்கு ஒரு முறை அதைப் பாருங்கள். குச்சியின் அடி நனைந்தால் உடனே மேடேறுங்கள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, ஓடையின் ஓசை மாறுவது ஆகிய மூன்றும் வெள்ளத்தின் தூதர். அணைக்குக் கீழே எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் நீரில் இறங்கவே வேண்டா. ஐந்து டிகிரி நீரில் விழுந்தவருக்கு மூச்சுத் திணறி, கைகால்கள் சில நிமிடங்களில் செயலற்றுப்போகும். நன்கு நீந்தத் தெரிந்தவர்க்கும் இது பொருந்தும். உள்ளூர்வாசி ஒருவர் கூவினால், காரணம் கேட்டு நிற்காமல் முதலில் கரையேறுங்கள். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

விருந்தாளியும் வீட்டாரும்

இறுதியாக ஒன்று. டிரவுட் அழகிய மீன். ஆனால் அது ஊனுண்ணி. அது வருமுன்னரே நம் ஓடைகளில் மீன்களும் தவளைகளும் வாழ்ந்தன. இமயத்தில் பனி டிரவுட் என்று அழைக்கப்படும் மீன்கள், பெயரால் டிரவுட் ஆயினும், கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மண்ணின் மீன்கள். நீலகிரியில் வேறெங்கும் காண முடியாத தவளையினங்கள் உண்டு. வேற்றுநாட்டு மீனைப் புதிய ஓடைகளில் விடுவது இவற்றுக்கு இடையூறு என்று இன்றைய உயிரியல் அறிஞர் கருதுகின்றனர். நீலகிரியின் முக்கூர்த்திப் பகுதி 1990-இல் தேசியப் பூங்காவாயிற்று. அதன் எல்லைக்குள் தூண்டிலுக்கு இடமில்லை. எனவே நீலகிரி செல்பவர்கள் வனத்துறையையும் மீன்வளத் துறையையும் முன்னரே கேட்டறிந்து, அனுமதி உள்ள இடத்தில் மட்டுமே கோலை எடுக்க வேண்டும். எங்கிருந்தும் மீனையோ முட்டையையோ எடுத்துச் சென்று வேறோர் ஓடையில் விடலாகாது.

பிற மாநிலத்திற்குப் பிழைக்க வந்து, அம்மாநிலத்து நீரைக் குடித்து வாழும் நமக்கு, வந்த இடத்தில் இருந்தவர்க்கு இடையூறின்றி வாழும் முறை தெரியும். மீனுக்கு அது தெரியாது. ஆகவே அதை எங்கே விடலாம், எங்கே விடலாகாது என்று எண்ணிப் பார்ப்பது மனிதராகிய நம் கடமை.

நம் அன்பர் அடுத்த ஆண்டும் குலுவுக்குச் சென்றார். இம்முறை காலையில் குடும்பத்துடன் சிற்றுண்டி அருந்திவிட்டுப் பத்தரை மணிக்குத்தான் ஓடைக்குப் போனார். முதலில் அவர் செய்தது, நீரின் விளிம்பில் ஒரு குச்சி நட்டதுதான். இரண்டு மீன்கள் கிடைத்தன. பிற்பகல் இரண்டரை மணிக்கு, குச்சியின் அடி நனையுமுன்பே, கோலை மடித்துக்கொண்டு மகனுடன் மேடேறிவிட்டார்.